வலி நின்ற நாட்கள்

“தம்பி, பல்லு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடு.”

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேராவது இப்படிக் கேட்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூடும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் நாள் அது. செட் என்றால் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாட்டிக், வயிறு எரியாமல் இருக்க ஒன்று. அட்டையைக் கத்தரியால் நறுக்கிச் சின்னக் கவரில் போட்டு, “சாப்பிட்டுட்டுப் போடுங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு” என்று சொல்லிக் கொடுப்போம். நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அது தெரிந்தேதான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வலி போய்விடும், ஆளும் வரமாட்டார். குணமாகிவிட்டது என்று அவர் நினைப்பார், நானும் நினைப்பேன். என் அம்மாவுக்கு அந்தப் பல் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வலது கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் ராத்திரியில் விண் விண்ணென்று தெறித்தது. படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். செட் கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள் வலி அதுவாகவே நின்றுபோனது. வெந்நீர் பட்டாலும் இல்லை, பச்சைத் தண்ணீர் பட்டாலும் இல்லை. “பாத்தியா, சரியாப்போச்சு” என்றார் அம்மா. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் வந்து, உடைந்து, கொஞ்சம் உப்புக்கரித்தாற்போல வடிந்து அடங்கியது. அதற்கும் ஒரு செட். நாலு வருஷத்தில் ஆறு தடவை என் கையாலேயே கவர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆறு தடவையும் வலி நின்றது.

வலி நின்ற அந்த நாட்களில் உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் ஒரு பல் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பல்லின் மேல் ஓட்டுக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் சொத்தை அதை அரிக்கும்போது நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்குக்கு வரும்போது கூச்சம். நரம்பும் ரத்தமும் இருக்கிற நடுக்கூழுக்குப் போனதும் அந்த ராத்திரி வலி. அந்த நரம்பு செத்துப்போனால் வலி நின்றுவிடும். செத்த நரம்புக்குள் கிருமி தங்கி, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். சீழுக்கு ஈறு வழியே வடிய வழி கிடைத்தால் வலியே இல்லாமல் பல வருஷம் ஓடும். மாத்திரை கொஞ்ச நாளைக்குக் கிருமியை அடக்கும். பல்லுக்குள் செத்துக் கிடப்பதற்கு ரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் பிடுங்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

2019 ஆடி மாதத்தில் ஏழாவது தடவை. வழக்கம்போல வீங்கியது, வழக்கம்போலக் கொடுத்தேன். இந்த முறை வீக்கம் கன்னத்தில் நிற்காமல் தாடைக்கு அடியில் இறங்கிக் கல்லுப் போல இறுகியது. மறுநாள் சாயங்காலம் அம்மாவால் எச்சில் விழுங்க முடியவில்லை, கடைவாயில் ஒழுகியது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்கினார். 108-க்குப் போன் செய்தேன். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பார்த்ததும் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். லுட்விக் ஆஞ்சைனா என்று அதற்குப் பேராம். கீழ்க்கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சுக்குழாயை நெருக்குவது. சுகர் 340-க்கு மேல் இருந்தது. அம்மாவுக்குச் சுகர் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்து, குழாய் வைத்து, ஊசி மருந்து ஏற்றி, அந்தப் பல்லையும் எடுத்தார்கள். ஒன்பது நாள் வார்டில் இருந்தோம்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல் வலியோடு தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, காய்ச்சல், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கத்துக்கு வெளியிலிருந்து சுடச்சுட ஒத்தடமும் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம்.

வார்டில் உட்கார்ந்திருந்த ஒன்பது நாளும் ஒரே கேள்விதான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டில் இது எப்படி நடந்தது? பணம் இல்லாததால் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை ஆகாது.

எங்கள் பக்கத்தில் பல் என்றாலே தண்ணீர்ப் பேச்சுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் கிணறுகளில் அதைத் தாண்டிய தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தோம். நிரந்தரப் பல் தாடைக்குள் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயது வரைக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் பழுப்புக் கோடும் திட்டுமாகத்தான் முளைக்கும். என் பல்லும் அப்படி, அம்மாவின் பல்லும் அப்படி. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டுக் காவிரித் தண்ணீர் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் அந்தக் கறை எங்கள் மனதில் ஒன்றை ஆழமாகப் பதித்துவிட்டது. “நம்மூர்ப் பல்லே அப்படித்தான், தண்ணி அப்படி, என்ன பண்றது?” பல் ஆடினாலும் தண்ணீர், சொத்தை விழுந்தாலும் தண்ணீர், வாய் நாறினாலும் தண்ணீர். தண்ணீர் தந்தது கறையையும் பொரிந்துபோன பல்லையும். சொத்தையும் ஈறு நோயும் வேறு. அவற்றைத் தடுத்திருக்கலாம், நாங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தண்ணீர் தலையில் வைத்துவிட்டோம்.

அந்தக் கறையை அழுக்கு என்று நினைத்துச் செங்கல் பொடி, சாம்பல், கரி என்று தேய்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பல்லுக்குள்ளேயே இருக்கிற நிறம். தேய்த்தால் போகாது, ஓடுதான் தேயும்.

கறை தந்த இன்னொன்று வெட்கம். எங்கள் ஊர்ப் பெண்கள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைப்பதை நாணம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நாணம் இல்லை அது. அம்மா ஒரே ஒரு தடவை, என் கல்யாணத்துக்கு முன்னால், ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வாயைத் திறந்ததும், “ஏம்மா, பல்லே விளக்க மாட்டீங்களா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார் அங்கிருந்த டாக்டர். தினமும் வேப்பங்குச்சியில் விளக்குகிற மனுஷி. அந்த ஒரு கேள்வியோடு பதினைந்து வருஷத்துக்குப் பல் டாக்டர் முகத்திலேயே விழிக்கவில்லை. பணம் கொடுத்திருந்தாலும் போயிருக்க மாட்டார். பல் மருத்துவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். எங்களைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதே பெரிய காரியம். முதல் வார்த்தையை யோசித்துச் சொல்லுங்கள்.

அப்புறம் களி. கேழ்வரகுக் களியை நாங்கள் மெல்லுவதில்லை, உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்குவோம். அதனால் கடைவாய்ப்பல் இரண்டு போனாலும் சாப்பாட்டில் ஒரு குறையும் தெரியாது. “களி முழுங்கப் பல்லு எதுக்கு?” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் வேர்க்கடலையும் முறுக்கும் சாப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள், அதை அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிற பயமும் உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதானவர்களுக்குப் பல் விழுகிற காலமும் கண் மங்குகிற காலமும் ஒன்றாக வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும் என்பதும் இதே வகைதான். கல்லுப் போலப் படிந்த காரை, எலும்பு கரைந்துபோன இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் கண்ணுக்குத் தெரியும். எடுக்காமல் விட்டால் எலும்பு இன்னும் கரையும். கடையில் நான் அதிகம் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது இந்த இரண்டுக்கும்தான்.

பணத்துக்கு வருகிறேன். தர்மபுரியில் தனியார் பல் டாக்டர்கள் ஆரம்ப நிலைச் சொத்தையை அடைக்க அப்போது 600 ரூபாய் கேட்டார்கள். பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்யும் வேர் சிகிச்சைக்கு 4,500, அந்தப் பல்லுக்கு மேல் தொப்பி போல மூடி போட இன்னொரு 4,000. வீட்டுக்கு எடுத்து வைத்திருந்த மருத்துவக் காப்பீட்டைப் புரட்டிப் பார்த்தேன். விபத்தில் பல் உடைந்தால் தவிரப் பல்லுக்கு ஒன்றும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் காலையில் மட்டும் பார்ப்பார்கள். பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வேர் சிகிச்சை என்றால் மூன்று நாலு முறை வரச் சொல்வார்கள், மூன்று நாலு நாள் கூலி. பிடுங்குவதென்றால் ஒரே நாள். இந்தக் கணக்கு தெரிந்தால், காப்பாற்றக்கூடிய பல்லையும் எங்கள் ஆட்கள் ஏன் “புடுங்கிடுங்க” என்று சொல்கிறார்கள் என்பது புரியும். அவர்களுக்கு அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

அம்மாவின் ஒன்பது நாளைக் கூட்டிப் பார்த்தேன். சிகிச்சைக்கு ஒரு பைசா இல்லை. துணைக்கு இருந்த எனக்குச் சம்பளம் பிடித்தது, தம்பி பெங்களூரிலிருந்து ஓடி வந்தது, சாப்பாடு, ஆட்டோ, அம்மா இரண்டு மாதம் வேலைக்குப் போகாதது எல்லாம் சேர்த்து 30,000-ஐத் தாண்டியது. நாலு வருஷத்துக்கு முன்னால் கூச்சம் வந்தபோது 600 ரூபாய் வேலை அது.

வீடு திரும்பியதும் அம்மாவைச் சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். மீதிப் பற்களையாவது காப்பாற்ற வேண்டுமே. இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் வேலை செய்வார்கள், அனுபவமுள்ள டாக்டர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டமும் சரிபார்ப்பார். நேரம் அதிகம் பிடிக்கும், ஒரு பல்லுக்கு அரை நாள்கூட ஆகலாம். செலவு, தர்மபுரியில் எங்களுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் ஆனது. அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் 1953 முதல் இருக்கிறது. சிதம்பரத்தில் இருப்பதும் இப்போது அரசுக் கல்லூரி, புதுக்கோட்டையிலும் 2023-இல் தொடங்கியிருக்கிறார்கள். தனியார் கல்லூரிகள் பல ஊர்களில் இருக்கின்றன. சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த அட்டைகளையும் பழைய சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் ஊசி போடும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போது வெறும் வயிற்றோடு போகக் கூடாது, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்த முறை எந்தக் கிழமை வசதிப்படும் என்று நீங்களே கேளுங்கள். “எனக்குக் கூலி போகும், ரெண்டு வேலையை ஒரே நாள்ல முடிக்க முடியுமாம்மா?” என்று நான் கேட்டேன். அந்த மாணவி போய்த் தன் டாக்டரிடம் பேசி, சுத்தம் செய்வதையும் ஒரு பல் அடைப்பதையும் ஒரே நாளில் வைத்துக் கொடுத்தார்.

அவர் அம்மாவிடம் முதலில் கேட்டது, “சின்ன வயசுல எந்தத் தண்ணிம்மா குடிச்சீங்க?” அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

அன்றைக்கு என் மகளும் கூட வந்திருந்தாள், ஏழு வயது. சும்மா பார்க்கச் சொன்னேன். “கடைசிப் பல்லுல கறுப்பா ஆரம்பிச்சிருக்கு, அடைச்சுடலாம்” என்றார். “பால் பல்லுதானேம்மா, விழுந்துடுமே?” என்றேன். அது பால் பல் இல்லை. ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவை சாகும்வரை வேண்டிய பற்கள். ஒன்றும் விழாமல் முளைப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, பால் பல் என்று விட்டுவிடுகிறோம். அம்மாவைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் இதே பல்தான். உங்கள் வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கு ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளத்தில் சொத்தை விழுவதற்கு முன்னாலேயே அடைத்துவிடும் பூச்சு ஒன்று இருக்கிறது, வலிக்காது, ஊசியும் வேண்டாம். மகளுக்கு மற்ற மூன்று பல்லுக்கும் அதைப் போட்டார்கள்.

தடுப்பு விஷயத்தில் எனக்குப் பெரிய திருப்பமாக இருந்தது பேஸ்ட்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சோப்புக்குப் பக்கத்தில் நான் அடுக்கி வைக்கிற டியூபும் ஒரு மருந்து. சரி, ஃபுளோரைடு கெட்டது என்று கேட்டு வளர்ந்த ஊரில் இதை எப்படிச் சொல்வது? அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போவதுதான் கெடுதல். பல்லின் மேல் பூசித் துப்பினால் ஓட்டை உறுதியாக்கும். டியூபின் பின்னால் ஃபுளோரைடு அளவு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மூலிகைப் பேஸ்ட்டுகளில் அது இருக்காது. துப்பத் தெரிந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி அளவு. வீட்டில் இன்னும் போர் தண்ணீரே குடிக்கிறீர்கள் என்றால் சின்னப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விளக்கியதும் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காமல் நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட வேண்டும் என்பது எனக்கு 37 வயதில்தான் தெரிந்தது.

ராத்திரி விளக்குவதுதான் முக்கியமானது. தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும், பல்லைக் கழுவ ஆளில்லை. இனிப்பிலும் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே பெரிது. ஒவ்வொரு தடவை வாயில் சர்க்கரை படும்போதும் அரை மணி நேரம் போலப் பல்லின் மேல் அமிலம் நிற்கும். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதைவிட, நாள் முழுக்க ஐந்து ரூபாய் பிஸ்கட்டைக் கொறிப்பது மோசம். ஒரு நாளைக்கு ஆறு சர்க்கரை டீ குடிக்கிற கொத்தனார்களிடம் நான் சொல்வதும் இதுதான். டீயை விடச் சொல்வதில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டார்கள். இரண்டில் சர்க்கரையை விடச் சொல்கிறேன்.

சுகர் உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சுகரைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அம்மாவுக்கு ஈறைச் சரிசெய்த பிறகு சுகரும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்துதான், இருந்தாலும் ஈறுக்கும் அதில் பங்கு உண்டு என்றார் டாக்டர். புகையிலை அடக்குகிறவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டிவிட வேண்டும். வலிக்கவில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

கடையில் இப்போது ஆன்டிபயாட்டிக் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று முதலாளியிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். அவருக்கு வருத்தம்தான், நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் உண்மைதான். நான் செய்ய முடிவது கொஞ்சம். வலி மாத்திரை ஒரு நாளைக்கு மட்டும் கொடுக்கிறேன். கல்லாப்பெட்டிக்கு மேலே, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் உட்காரும் நாளும் நேரமும், போகிற பஸ்ஸும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறேன். “இதே பல்லு போன தடவை வலிச்சு, தானா நின்னுச்சா?” ஆமாம் என்று சொல்கிறவர்களிடம் அம்மா கதையைச் சொல்வேன். கதையைக் கேட்டுவிட்டுத் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் பாதிப்பேர் போகிறார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து “போயிட்டு வந்துட்டேன் தம்பி” என்று வாயைத் திறந்து காட்டியவர்களை மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவோடு சேலம் போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பதில் போன தடவை மேல் பல் ஒன்றில் சின்னதாக ஒரு புள்ளியைக் காட்டினார்கள். வலி இல்லை, கூச்சம்கூட இல்லை. “அது பாட்டுக்கு இருக்குது, அதுக்கு எதுக்குடா சேலம்?” என்று நேற்று ராத்திரி கேட்டுப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலையில் பார்த்தால், சுகர் அட்டையையும் பழைய சீட்டையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்துவிட்டு, ஆறே முக்கால் பஸ்ஸுக்கு உட்கார இடம் கிடைக்குமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.